பம்பாயில் துட்டி கேட்பது

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எந்த ஊரிலும் கல்யாண வீடுகளைவிடச் சாவு வீடுகளுக்குப் போகும் நாட்கள்தாம் அதிகம்; மும்பையில் அந்த வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழியாக, சாதியாக, மதமாக இருக்கும் என்பதுதான் வித்தியாசம். தாராவியில் பிறந்து செம்பூரில் வாழ்க்கைப்பட்ட எனக்குச் சொந்தபந்தம் முழுக்கத் திருநெல்வேலிப் பக்கம், அடுக்ககத்தில் குஜராத்தியரும் மராத்தியரும், வேலை பார்த்த அலுவலகத்தில் பார்சிகளும் கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் என்று அமைந்துவிட்டதால், துட்டி கேட்கும், அதாவது துக்கம் விசாரிக்கும், முறைகளைப் பற்றி வீட்டு இளையவர்கள் என்னைத் தொலைபேசியில் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கேட்பவை மறுபிறவியையோ சொர்க்கத்தையோ பற்றியவை அல்ல. வெள்ளைச் சுடிதார் இல்லை, வெளிர்நீலம் பரவாயில்லையா, மாலை வாங்க வேண்டுமா, அழாமல் நின்றால் தப்பாக நினைப்பார்களா, தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாமா, கிளம்பும்போது என்ன சொல்வது என்பவைதாம். நான் பார்த்தவரையில் சடங்கின் பொருள் தெரியாதவர்மேல் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வந்தவர் எந்நேரத்தில் வந்தார், எப்படி உட்கார்ந்தார், எப்படிப் போனார் என்பவற்றில்தான் மனத்தாங்கல் பிறக்கிறது.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். என் அத்தை ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோது கீழ்த்தளத்துக் குஜராத்திப் பெரியவர் காலமானார். அன்று மதியமே உடலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் நாளிதழில் அவர் படத்தோடு அறிவிப்பு வந்தது: பேஸ்ணு (துக்கம் கேட்க உட்காரும் கூட்டம்) இன்ன மண்டபத்தில், மாலை நான்கு முதல் ஆறு வரை, லௌகிக வியவகாரம் கிடையாது. 1822 முதல் வெளிவரும் ‘மும்பை சமாச்சார்’ இதழை இன்றும் பல குஜராத்தி வீடுகளில் இத்தகைய அறிவிப்புகளுக்காகவே முதலில் புரட்டுவார்கள். அத்தைக்கு நான் வாசித்துச் சொன்னதும், “ஏட்டி, துட்டி கேக்கதுக்கும் டைம் போட்டிருக்கானா? இது என்ன கல்யாண ரிசப்ஷனா?” என்றாள். அவளுக்கு அது பெரிய அவமதிப்பாகத் தோன்றியது. இறந்தவருக்கு அல்ல, துக்கத்துக்கே.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் தரை முழுக்க வெள்ளை விரிப்பு. ஒரு பக்கம் வெள்ளைச் சேலையில் பெண்கள், மறுபக்கம் வெள்ளைக் குர்தாவில் ஆண்கள். நடுவில் சந்தன மாலை போட்ட படம், ஓரமாக இருவர் மெல்லிய குரலில் பஜனை. வந்தவர்கள் படத்துக்கு இரண்டு இதழ் பூப் போட்டார்கள், குடும்பத்தாரை நோக்கிக் கைகூப்பினார்கள், பத்து நிமிடம் உட்கார்ந்தார்கள், மீண்டும் கைகூப்பிவிட்டு எழுந்து போனார்கள். “எப்படி நடந்தது, கடைசியில் என்ன சொன்னார், எந்த ஆஸ்பத்திரி” என்று ஒருவரும் கேட்கவில்லை. சரியாக ஆறு மணிக்கு மண்டபம் காலியாயிற்று. லௌகிக வியவகாரம் இல்லை என்ற அந்த வரி, முறைப்படி செய்யும் கொடுக்கல் வாங்கல்களும் அதற்காகத் தனித்தனியாக வீடு தேடி வருவதும் வேண்டாம் என்பதற்கான அறிவிப்பு. சீர், கோடி, பதில் மரியாதை என்று யாரும் கணக்கு வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

அத்தை சொன்னதுபோல் இது வறட்சியான முறை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பதினாறு நாளும் எந்த நேரமும் ஆள் வரும். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுப் பெண் முதலிலிருந்து கதையைச் சொல்லி அழ வேண்டும். வந்தவர் போனதும் அடுப்படிக்குப் போய்க் காபி போட வேண்டும். முதல் நாளில் அந்தக் கூட்டம் பெரும் பலம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏழாம் எட்டாம் நாளில் அதே கூட்டம் அவளைத் தின்றுவிடுகிறது. குஜராத்தியர் அந்தப் பதினாறு நாளின் பாரத்தையும் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கி, மிச்ச நாட்களில் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையை அவளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். 2020இல் இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு சொன்னபோது அவர்கள் தடுமாறவே இல்லை: ‘தொலைபேசி பேஸ்ணு, மாலை நான்கு முதல் ஆறு’ என்று இரண்டு மூன்று எண்களோடு அறிவிப்புப் போட்டார்கள். எங்களவர்களோ போக முடியாமல் போன துட்டிகளுக்காக இரண்டு வருஷம் கழித்தும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு குஜராத்தியர் அழத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இறந்தவரைப் பாடும் மரசியாவும், பெண்கள் வட்டமாக நின்று மார்பில் அடித்துக்கொண்டு பாடும் சாஜியாவும் அவர்கள் கிராமங்களில் இருந்தவைதாம். கீழ்வீட்டுப் பாட்டி, தன் சிறு வயதில் சௌராஷ்டிரத்தில் அப்படிப் பாடியவர்களைப் பார்த்ததாகச் சொன்னபோது என் அத்தையின் முகம் சற்றுத் தெளிந்தது. இந்த வெள்ளை விரிப்பு அமைதி நகரத்தில் பழகிக்கொண்ட ஒழுங்கு.

எங்கள் ஒழுங்கு வேறு விதமானது. சொந்தம் வந்து முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்பது முதல் விதி. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வர ஒன்றரை நாள் ஆகும் என்பதால் அந்தக் காலத்தில் தாராவியில் தந்தி கொடுத்துவிட்டு, வர முடியாதவர்களை மனத்தில் நினைத்துக்கொண்டு எடுத்துவிடுவார்கள். விமானமும் ஐஸ் பெட்டியும் வந்தபின் காத்திருப்பது கூடியிருக்கிறது. முஸ்லிம்களும் பார்சிகளும் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக எடுத்துவிடுகிறார்கள்; மராத்தியரும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நாம் மட்டும் மூத்த மகள் மதுரை விமானத்தைப் பிடித்துவிட்டாளா என்று கேட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க உடலை வைத்திருப்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் புரிவதில்லை. அடுக்ககச் சங்கச் செயலாளர் மெல்ல வந்து, “நாளை காலை வரையா?” என்று கேட்டால் அதில் பகை ஒன்றும் இல்லை, உடல் கிடக்கும்வரை சமைக்கக் கூடாது, பூசை கூடாது என்று அவர்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள்.

உடலைக் கீழே இறக்குவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆகவே நான் எழுதிவிடுகிறேன். பழைய கட்டடங்களின் லிஃப்டில் பாடை போகாது. மாடிப்படியின் திருப்பங்களிலும் போகாது. எங்கள் கட்டடத்தில் ஒரு முறை நாற்காலியில் உட்கார வைத்து, நெற்றியையும் மார்பையும் வேட்டியால் கட்டி, லிஃப்டில் இரண்டு பேர் கூட நின்று இறக்கினார்கள். நீர்மாலை, நெய்ப்பந்தம், வாய்க்கரிசி எல்லாம் அதன்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் நடந்தன. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தத்தோடு மாருதி கார்களுக்கு நடுவில் சுற்றி வந்ததை, மேலே சன்னல்களில் நின்றவர்கள் கைகூப்பியபடி பார்த்தார்கள். ஊரில் முற்றத்தில் நடக்கும்போது இதில் வேடிக்கை பார்ப்பவர் என்று ஒருவர் கிடையாது, எல்லாரும் ஏதோ ஒரு முறைக்காரர். இங்கே பாதிப் பேர் பார்வையாளர்கள் என்பது எங்கள் பெண்களின் குரலைத் தானாகவே தாழ்த்திவிடுகிறது. தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, இறந்தவரை ‘நீ’ என்று விளித்துப் பாட்டுக் கட்டும் என் பெரியம்மா, செம்பூரில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் அழுதாள்.

தாராவியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே மேளம் உண்டு, சங்கு உண்டு, பூவை அள்ளி வீசிக்கொண்டு சயான் மயானம்வரை போவதும் உண்டு. சாவில் ஆட்டமா என்று வடக்கத்தியர் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்வது எளிது: பேரன் பேத்தி எடுத்த கிழவரின் சாவு எங்களுக்குக் கல்யாணச் சாவு, இளஞ்சாவில் யாரும் ஆடமாட்டார்கள். பறையைப் பற்றி நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய பதில்தான் கடினமானது. சாவுக்கு அடிப்பது ஒரு சாதியின் கட்டாயக் கடமையாக இருந்ததும், அந்தச் சாதியின் பிள்ளைகள் இனி அடிக்கமாட்டோம் என்று மறுத்ததும், பிறகு அதே பறையைத் தங்கள் கலையாக மேடையில் எடுத்துக்கொண்டதும் நம் காலத்து வரலாறு. மரபு கெட்டுப்போகிறது என்று புலம்புகிறவர்கள் அந்த மரபைத் தோளில் சுமந்தவர் யார் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமைச் சாவு ஒன்று எங்கள் கட்டடத்தில் நேர்ந்தபோது வந்த சிக்கல் வேறு வகை. சனிப்பிணம் தனிப்போகாது என்று பாடையில் கோழிக்குஞ்சைக் கட்ட வேண்டும் என்றார் ஊரிலிருந்து வந்த மாமா. கட்டடத்தில் பாதிக்கு மேல் சமணர்கள்; வாசலில் உயிரோடு ஒரு கோழி தொங்கினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். தேங்காயைக் கட்டினால் போதும் என்று வாதாடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மராத்தி அம்மா விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னதும், அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பஞ்சகம் என்ற ஆகாத நாட்களில் செத்தால் தர்ப்பையில் ஐந்து பொம்மை செய்து உடலோடு எரிப்போம், அதுபோலத்தானே என்றார். ஒரு சாவு இன்னொன்றை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் இரண்டு மொழிக்காரருக்கும் ஒன்றாகவே இருந்தது. தேங்காயோடு முடிந்தது.

அந்த அம்மாவின் கணவருக்குப் பத்தாம் நாள் சடங்கு நடந்தபோது நானும் போயிருந்தேன். மராத்தியர் வீட்டில் அந்தப் பத்தாம் நாள்தான் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாள். பிண்டத்தை வைத்துவிட்டு விலகி நிற்பார்கள். காகம் வந்து தொட்டால் இறந்தவருக்குக் குறை இல்லை, தொடாவிட்டால் ஏதோ ஓர் ஆசை மிச்சம் இருக்கிறது என்று பொருள். அமாவாசைக்கும் அன்றாடச் சோற்றுக்கும் காகத்தைக் கூப்பிட்டுப் பழகிய நமக்கு இதில் புதுமை இல்லை, ஆனால் அதன்பின் நடந்தது எனக்குப் புதிது. காகங்கள் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன, இறங்கவில்லை. மூத்த மகன் முன்னால் போய், “அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். இறங்கவில்லை. தம்பி போய், நிலத் தகராற்றை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். இறங்கவில்லை. கடைசியில் மருமகன் கூச்சத்தோடு போய், கடைக்குட்டியின் படிப்பு நிற்காது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஒரு காகம் இறங்கிக் கொத்தியது. அது பசித்து இறங்கியதா என்று கேட்கிற மனிதர் அங்கே யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் என்ன? பத்துப் பேர் முன்னிலையில் மூன்று வாக்குறுதிகள் வாயால் சொல்லப்பட்டுவிட்டன, எந்த வக்கீல் பத்திரமும் செய்ய முடியாத காரியம் அது. காகம் வரவே இல்லையென்றால் தர்ப்பையால் காகம் செய்து தொட வைக்கும் வழியும் அவர்களிடம் உண்டு.

பார்சிகளின் துக்கத்துக்குப் போகிறவர் எல்லைகளை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. மலபார் ஹில்லில் உள்ள டூங்கர்வாடியில் மரங்கள் அடர்ந்த பாதையில் ஏறிப் போனால் பங்களி எனப்படும் சிறு கட்டடங்கள் இருக்கும். உடல் அங்கே கிடத்தப்பட்டிருக்கும். இறுதிப் பிரார்த்தனை தொடங்கும்முன் நம்மைப் போன்றவர்கள் முகம் பார்க்கலாம்; அதன்பின் பார்சி அல்லாதவர்கள் பார்க்கக் கூடாது, வெளியே அமர வேண்டும். கண்களுக்கு மேலே புள்ளி உள்ள நாயைக் கொண்டுவந்து உடலைப் பார்க்க வைப்பதும் உண்டு. பிறகு வெள்ளை உடையில் ஆண்கள் இருவர் இருவராக, இடையில் ஒரு கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு, உடலைச் சுமப்பவர்களுக்குச் சற்றுப் பின்னால் நடப்பார்கள். என் அலுவலக மேலாளரின் மனைவிக்காக நான் அங்கே வெளியே உட்கார்ந்திருந்தபோது, இருபது வருஷம் பழகிய எங்களை வாசலில் நிறுத்திவிட்டார்களே என்று உடன் வந்த ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அது குறையாகப் படவில்லை. எங்கள் ஊரில் பெண்களைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்களே, பெற்ற மகளையும் சேர்த்து.

பார்சிகளுக்குள்ளேயே இப்போது மாற்றம் வந்திருக்கிறது. உடலைக் கோபுரத்தில் கிடத்திக் கழுகுகளுக்கு விட்டுவிடுவது அவர்கள் முறை; கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து அந்தக் கழுகுகளைக் கொன்று தீர்த்தது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தரத் தடை வந்தபோது மிகவும் தாமதமாகிவிட்டிருந்தது. கழுகு இல்லாத கோபுரத்தில் சூரிய வெப்பத்தைக் குவிக்கும் ஆடிகளை வைத்துப் பார்த்தார்கள். தகனத்தை விரும்புகிறவர்களுக்காக 2015இல் வொர்லியில் ஒரு பிரார்த்தனைக் கூடம் திறக்கப்பட்டது. 2022இல் பார்சித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரிக்கும் 2024 அக்டோபரில் ரத்தன் டாட்டாவுக்கும் வொர்லியில் தகனம் நடந்ததைப் பார்த்த பிறகு, எங்கள் அலுவலகத்துப் பார்சிப் பெண்கள் தங்களுக்கு எது வேண்டும் என்று உணவு இடைவேளையில் வெளிப்படையாகவே பேசத் தொடங்கினார்கள்.

கத்தோலிக்கர் வீட்டில் பிரச்சினை அதிகம் இல்லை: கறுப்பு அல்லது வெள்ளை உடை, திருப்பலியின்போது எல்லாரும் எழும்போது எழுந்தால் போதும், நன்மை எனப்படும் திருவிருந்து அப்பம் வாங்க வரிசையில் போகாமல் இருக்க வேண்டும். முஸ்லிம் நண்பர் வீட்டில் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க மதம் பார்ப்பதில்லை, நாலு அடி சுமந்து அடுத்தவருக்கு மாற்றிவிட்டால் போதும். எங்கள் பக்கத்துச் சிந்தி வீட்டிலும் பஞ்சாபி வீட்டிலும் பன்னிரண்டு பதின்மூன்றாம் நாளையொட்டி மூத்த மகனுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள். நம்மூர் உருமால் கட்டைப் பார்த்தவருக்கு அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரே ஒரு முறையீடு. ஆண்டனி தாத்தா இறந்ததற்கும் ஓம் சாந்தி, சலீம் பாயின் உம்மா இறந்ததற்கும் ஓம் சாந்தி என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தமிழில் போட்டாலே எல்லாருக்கும் பொருந்தும்.

இவ்வளவையும் அவரவர் வழக்கம் என்று ஏற்றுக்கொள்கிற எனக்கு ஒன்றை மட்டும் அப்படி ஏற்க முடியவில்லை. பதினாறாம் நாளையொட்டி, விடியுமுன், கணவனை இழந்தவளைக் கடைசியாகப் பூவும் பொட்டும் வளையலும் வைத்து அலங்கரித்து, பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்கும் சடங்கு எங்களிடம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களும் பெரும்பாலும் அதைப் பட்டறிந்த பெண்களே. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற கிராமத்தின் பஞ்சாயத்து, 2022 மே மாதத்தில், வளையல் உடைப்பதும் குங்குமம் அழிப்பதும் தாலி கழற்றுவதும் இனி எங்கள் ஊரில் கிடையாது என்று தீர்மானம் போட்டது. அதே மாதத்தில் மாநில அரசு, மற்ற ஊராட்சிகளும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. சுற்றறிக்கையால் வழக்கம் மாறிவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் மரியாதை என்ற பெயரில் அடுத்தவர் வழக்கத்தைக் கேள்வி கேட்காமல் விடும் நம் நகரத்துப் பெருந்தன்மையைவிட, தன் ஊர் வழக்கத்தைத் தானே நிறுத்திய அந்தக் கிராமத்தின் துணிச்சல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் சித்தப்பா இறந்தபோது அந்தச் செய்தியை வெட்டி வைத்திருந்த மராத்தி அம்மா அதைக் கொண்டுவந்து சித்தியிடம் கொடுத்தார். சித்திக்கு மராத்தி வாசிக்கத் தெரியும்; தாராவியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். பதினைந்தாம் நாள் இரவு ஊர்ப் பெண்கள் தட்டில் பூவும் கண்ணாடி வளையலும் எடுத்து வைத்தபோது, “நான் கழத்தப் போறதில்ல. நாளைக்கு எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள். ஒரு மணி நேரம் சத்தம் நடந்தது. அவளுடைய அண்ணன்மார் கோடியெடுக்கப் போனபோது வெள்ளைச் சேலை ஒன்றும் வாங்காமல் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் மாமா உருமால் கட்டினார், சாப்பாடு நடந்தது, கீழ்வீட்டுக் குஜராத்தியருக்காக வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாக ஒரு சாம்பாரும் வைத்தோம். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இருவர் இலையில் உட்காராமலே அன்றிரவு ரயிலேறினார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் போன தை மாதம் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.